இன்னல் பெருக்கம்: ஒரு கடற்கொள்ளை விளையாட்டின் திருத்த வரலாறு குறித்த ஆய்வு

கணினி விளையாட்டுகளுள் 'திறந்த உலகம்' என வழங்கும் வகை, ஆடுபவர் இன்ன வழியில்தான் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தாது, பரந்ததொரு நிலத்தையோ கடலையோ அவர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதாகும். பாய்மரக் கப்பலையும் கடற்கொள்ளையையும் பொருளாகக் கொண்டு அவ்வகையில் எழுந்தவற்றுள் ஆய்வுக்கு மிகவும் உகந்தது, மாஸ்கோவைச் சேர்ந்த அகெல்லா நிறுவனம் உருவாக்கி 2003இல் வெளிவந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' ஆகும். 2000இல் வந்த 'சீ டாக்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகமாகக் கருக்கொண்ட இது, அதே 2003இல் வெளியான ஹாலிவுட் படத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. படத்தின் நாயகர் ஜாக் ஸ்பாரோவை இதில் தேடியவர்களுக்கு 'பிளாக் பேர்ல்' கப்பலும் நடிகை கீரா நைட்லியின் முன்னுரைக் குரலும் மட்டுமே கிட்டின. நாயகர் இடத்தில் நதேனியல் ஹாக் என்னும் முன்பின் அறியாத கப்பல் தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

பெயர் மாறிய அவசரத்தில் குறைகள் மலிந்திருந்தமை வியப்பன்று. அவ்விளையாட்டின் விதிகளை வகுக்கும் நிரல்கள் பூட்டப்படாத எழுத்துக் கோப்புகளாகவே வட்டில் வந்து சேர்ந்தமைதான் வியப்புக்குரியது. நோட்பேடைத் திறக்கத் தெரிந்தவர் எவரும் ரம்மின் விலையையோ பீரங்கியின் வீச்சையோ மாற்றிவிடலாம் என்ற நிலை வாய்த்தபோது, மாற்றாமல் இருப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதாயிற்று. ஆடுபவர்களே ஊதியம் எதிர்பாராது செய்யும் இத்தகைய மாற்றத் தொகுப்பு 'மாட்' எனப்படும். 'பைரேட்ஸ் அஹாய்' என்னும் ரசிகர் குழாம் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய 'நியூ ஹொரைசன்ஸ்' இவற்றுள் தலையாயது. கற்பனைத் தீவுகள் கிடந்த இடத்தில் ஜமைக்கா, பார்படோஸ், ஹிஸ்பானியோலா முதலிய மெய்யான தீவுகளை அது பரப்பியது. ஒரே காலத்தைப் பல காலங்களாக விரித்தது. விடுபட்ட ஜாக் ஸ்பாரோவையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தது.

எனினும் இத்திருத்தங்களை ஒருசேர நோக்குவார்க்கு வேறொரு விதி புலப்படும். ரசிகர்கள் மேம்பாடு என்று கருதிச் சேர்ப்பது பெரும்பாலும் இன்னலே. மூல விளையாட்டில் தீவு விட்டுத் தீவு செல்ல ஒரு வரைபடம் உண்டு. அதன்மேல் பொம்மைக் கப்பலை நகர்த்தினால் நாட்கள் நொடிகளாகக் கழிந்து கரை வந்துவிடும். இந்த வசதி கப்பலோட்டியின் கண்ணியத்துக்குக் குறைவென்று கருதிய திருத்துநர்கள், வரைபடத்தைத் தொடாமலே நடுக்கடல் வழியாக முழுத் தொலைவையும் கடக்க வழி செய்தனர். குறுக்குப்பாய் கட்டிய கப்பல், அதாவது கப்பலின் நீளத்துக்குக் குறுக்காகச் சதுரப் பாய்களை விரித்த கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 60 பாகைக்குள் நெருங்கிச் செல்லாது என்பது பாய்மர இயல்பு. ஆகவே எதிர்காற்றில் அகப்பட்டவர் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து முன்னேற வேண்டும். பாய்களை நீளவாக்கில் கட்டிய நெடுக்குப்பாய்க் கப்பல் இதைவிட நெருங்கிச் செல்லுமாதலால், பீரங்கி மிகுந்த பெருங்கலத்தை விற்றுவிட்டுச் சிறு கலத்துக்கு மாறுவோரும் உளர். நான்கு மணி நேரம் திரையில் நீரையே பார்த்திருந்த ஒருவர் அதனை இன்பம் என்று உரைப்பாராயின், அவர் சொல்லை ஏற்பதன்றி ஆய்வாளருக்கு வேறு வழியில்லை.

கடலைவிடக் கொடியது கணக்கு. துப்பாக்கி வெடிக்க மருந்தும் குண்டும் தனித்தனியே வாங்கி இருப்பு வைக்க வேண்டும். மாலுமிகளுக்கு உணவும் ரம்மும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளமா கொள்ளையில் பங்கா என்பதை முடிவு செய்ய வேண்டும். இவற்றில் தவறினால் கப்பலில் முணுமுணுப்பு எழும். அலுவலகத்தில் பகலெல்லாம் சம்பளப் பட்டியலோடு மல்லாடிய ஒருவர், இரவில் சட்டத்துக்குப் புறம்பான வாழ்வை நாடிக் கணினி முன் அமர்ந்து, மீண்டும் ஒரு சம்பளப் பட்டியலைத் திறக்கிறார்.

இதனை வரலாற்றுக்கு முரண் என்று ஒதுக்கவும் முடியாது. 1722இல் மாண்ட வேல்ஸ் நாட்டுக் கொள்ளையர் பார்த்தலமேயு ராபர்ட்ஸின் கப்பல் விதிகள் 1724இல் அச்சேறிய நூலொன்றில் காணப்படுகின்றன. அவற்றின்படி கப்பல் தலைவருக்கும், சரக்கையும் பங்கீட்டையும் கவனிக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் இரண்டிரண்டு பங்கு. பீரங்கித் தலைவர் போன்றோருக்கு ஒன்றரை. இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு. இசைக் கலைஞர்களுக்கு ஓய்வுநாளில் விடுப்பு. கொள்ளையர் வாழ்வே இத்துணை விதிமுறைகளுக்கு உட்பட்டதாயின், திருத்துநர்கள் மூல ஆசிரியர்களைக் காட்டிலும் உண்மைக்கு அணுக்கமானவர்கள் என்றே கொள்ளல் வேண்டும்.

இன்னல்களின் உச்சம் கடலில் இல்லை, நிறுவலில் உள்ளது. 'மாட்' தொகுப்பின் புதிய பதிப்பைக் கணினியில் ஏற்றும்போது, பழைய பதிப்பில் சேவ் செய்து வைத்த ஆட்டம் பெரும்பாலும் செல்லாது. முதலிலிருந்து தொடங்க நேரும். மூலக் கதையில் நதேனியல் ஹாக் தொடக்கத் துறைமுகமான ஆக்ஸ்பேயை விட்டுக் கிளம்பியதுமே பிரெஞ்சுக் கப்பற்படை அவ்வூரைத் தாக்கிப் பிடிக்கும். மேம்பாட்டில் தீராத வேட்கை கொண்டவர் இத்தாக்குதலை எண்ணற்ற முறை கண்டிருப்பார்; கதையின் இறுதியை ஒருமுறையும் கண்டிரார். இவர்களுள்ளும் முதிர்ந்தோர் நிறுவுவதோடு நின்று, பாய் சரியாக விரிகிறதா என்று மட்டும் சோதித்துவிட்டுக் கணினியை அணைத்துவிடுவர்.

இந்நிலையில், இவ்விளையாட்டின் அடியில் இயங்கும் 'ஸ்டார்ம்' எஞ்சினின் மூல நிரல் 2021இல் யாவரும் திருத்தும் உரிமத்தோடு வெளியிடப்பட்டது. அதுவரை விதிகளையும் தீவுகளையும் மட்டுமே மாற்றி வந்தவர்கள், அலை எழும் முறையையும் ஒளி விழும் முறையையும் மாற்றும் வாய்ப்பைப் பெற்றனர். ஆக்ஸ்பேயை விட்டுக் கிளம்பும் நாள் அவர்களுக்கு மேலும் தள்ளிப்போயிற்று.