புருஷன் சட்டையும் பாரிஸ் நாகரிகமும்

பிரெஞ்சுப் பெண்களைப் போல உடுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதே உலகத்தில் ஒரு தனித் தொழிலாக நடக்கிறது. சனேல் நிறுவனத்தின் மாடலாக இருந்த இனெஸ் த லா ஃபிரெசாஞ் 2010இல் பாரிஸ்காரியின் நடையுடை பற்றி ஒரு கையேடே போட்டார். அது பல மொழிகளுக்குப் போய் அமோகமாக விற்றது. இந்த வகைப் புத்தகங்களையும் பத்திரிகைப் பக்கங்களையும் மொத்தமாகப் பிழிந்தால் நாலைந்து சொட்டு உபதேசம் விழும். துணி கொஞ்சமாக வைத்துக்கொள். நிறம் அடங்கியிருக்கட்டும். ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று கிடைத்தால் மேலே போட்டுக்கொள், கழுத்திலோ தலையிலோ ஒரு துணியைக் கட்டிக்கொள். கண்ணை இழுக்க ஒன்றே ஒன்று போதும். மெனக்கெட்டதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. இதைப் படிக்கும் பேராக் தமிழர் யாருக்கும் ஒரு சந்தேகம் வந்தாக வேண்டும்: விடியுமுன் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டி நின்ற நம் பாட்டிமார்களை எவரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதிவிட்டார்களா? என் கட்சி இதுதான். பாரிஸ் தெருவில் நடப்பவளின் அடக்கமான அழகும், சுங்கை சிப்புட் ரப்பர் காட்டில் நடந்தவளின் அழகும் ஒரே விதியில் பிறந்தவை. ஒன்றுக்கு விளம்பரம் கிடைத்தது, மற்றதற்குக் கொசுக்கடி கிடைத்தது.

ரப்பர் காட்டு வேலைக்குப் போட்டுப்போன அந்த வெளிக்காட்டு உடையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் தற்செயல் எதுவும் இல்லை. பால் மரத்தை இருட்டோடு வெட்டினால்தான் பால் ஓடும். வெயில் ஏறினால் மரம் கையை இறுக்கிக்கொள்ளும். அந்த இருட்டுதான் கொசுவுக்கும் வேலை நேரம். ஆகவே கணுக்கால் வரை கைலி, சிலருக்கு அதற்குள் சிலுவார் என்ற கால்சட்டை. ரவிக்கைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டு. பால் வெள்ளையாக வடிந்தாலும் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துவிடும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. அதனால் வேலைத்துணியின் நிறமெல்லாம் முன்கூட்டியே கறைபட்ட நிறம். தலையில் துணி, முடியில் பட்டைத் தூள் விழாமலும் நெற்றி விளக்கின் வார் உறுத்தாமலும் இருக்க. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் தூக்கி ஸ்டோருக்கு நடக்க வேண்டியவள் தொங்குவதையும் ஆடுவதையும் அணிய முடியாது. இத்தனை கட்டாயத்துக்கும் நடுவே அவளாகத் தேர்ந்துகொண்டவை கொஞ்சம்தான்: நெற்றிப் பொட்டு, ஒற்றைக்கல் மூக்குத்தி, தலைத்துணியின் நிறம், அதற்கு முடிச்சு விழும் பக்கம். வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தவிரப் பார்க்க ஆளில்லாத இடத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போவதைவிட, மெனக்கெடாதது போன்ற மெனக்கெடல் வேறு உண்டா? ஆண்பிள்ளைச் சட்டை விஷயத்தில் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. கடைகளில் அதைப் பாய்ஃபிரெண்ட் ஷர்ட் என்று விற்கிறார்கள். தோட்டத்தில் அது தாலி கட்டியவனின் சட்டை. ஒழுக்கத்திலும் நாம் ஒரு படி மேலே. பாரிஸ்காரியிடம் நமக்கு ஒத்துவராத ஒன்று அந்தக் கலைந்த தலைமுடி மட்டுமே. லயத்து வாசலில் காலையில் அப்படித் தலைவிரி கோலமாக ஒருத்தி நின்றால், யார் வீட்டில் சாவு என்று பக்கத்து வீட்டார் கேட்டிருப்பார்கள்.

பாரிஸின் எளிமை எங்கிருந்து வந்தது என்று கிளறினால் அங்கேயும் உழைப்பாளியின் துணிமூட்டைதான் அகப்படுகிறது. பிரெஞ்சுப் பெண்ணின் அடையாளமாகச் சொல்லப்படும் கோடு போட்ட பனியன், 1858இல் கடற்படைச் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டு மாட்டிவிட்ட சீருடை. பாரிஸில் தெருக் கூட்டியவர்கள் போட்ட நீல வேலைச்சட்டையைத்தான் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காகத் தெருவில் போவோர் வருவோரின் உடையைப் பல்லாண்டு படமெடுத்த பில் கன்னிங்ஹாம் வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார். 2008இல் பிரெஞ்சு அரசு கௌரவித்தபோதும் அவர் உடம்பில் இருந்தது அந்த நீலச் சட்டைதான். தலைத்துணிக்கு வந்தால், எர்மெஸ் நிறுவனம் தன் பட்டுச் சதுரத்தை 1937இல்தான் கொண்டுவந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மெட்ராஸ் கட்டத் துணி கடல் கடந்து, பிரான்ஸின் கையிலிருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டாக ஏறி உட்கார்ந்துவிட்டது. சிலுவார் கதை இன்னும் விசேஷம். பெண் கால்சட்டை போட வேண்டுமானால் போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1800இல் பாரிஸில் உத்தரவு போட்டார்கள். 1892இலும் 1909இலும் மனமிரங்கி, கையில் குதிரைக் கடிவாளமோ சைக்கிளின் கைப்பிடியோ இருந்தால் பரவாயில்லை என்றார்கள். அந்த உத்தரவு செல்லாது என்று அரசு முறையாகச் சொன்னது 2013இல். கைலிக்குள் சிலுவார் போட்டிருந்தவளிடம் மண்டோர் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்தாயா என்று கேட்டிருப்பார். கடிவாளம் எங்கே என்று கேட்டிருக்கமாட்டார்.

இந்த இடத்தில் ஒரு தடை எழும். அது வறுமை ஐயா, அதற்கு ஸ்டைல் என்று பெயர் வைத்து விளையாடாதீர்கள் என்பார்கள். நியாயமான தடைதான். வறுமைக்கு ஒட்டியாணம் போட்டு அழகு பார்ப்பவர்கள்மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளை, மழை பெய்தால் போய்விடும் அன்றைய கூலி, இரவு முழுக்கக் கையைவிட்டுப் போகாத ஒட்டுப்பால் நாற்றம் ஆகியவற்றில் அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தத் தடையைப் பாரிஸுக்கும் போட வேண்டுமல்லவா? முதல் உலகப் போரில் துணித் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்களின் உள்ளாடைக்கு என்று நெய்த ஜெர்சித் துணியை வாங்கித்தான் சனேல் பெண்களுக்கு உடை தைத்தார். அதை வறுமை என்று யாரும் எழுதவில்லை, புரட்சி என்று எழுதினார்கள். தட்டுப்பாடு பாரிஸில் நடந்தால் ரசனை, பத்து காஜாவில் நடந்தால் பஞ்சம் என்ற கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மேலும், வறுமை எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் துணி கொடுத்தது. எல்லாரும் ஒரே மாதிரியா இருந்தார்கள்? அதே கைலியையும் அதே சட்டையையும் லயத்தில் இருபது பேர் போடுவார்கள்; ஒருத்தி போடும்போது மட்டும் மற்ற பத்தொன்பது பேரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். கைலியைக் கொசுவிச் செருகிய விதத்தில், சட்டைக் கை நின்ற அளவில் அவள் ஏதோ செய்திருக்கிறாள். அந்த ஏதோவைத்தான் பாரிஸ் புத்தகம் போட்டு விற்கிறது.

இரண்டாவது தடை கொஞ்சம் வலுவானது. அடக்கமாம் அடக்கம், அதே பாட்டி தீமிதித் திருவிழாவுக்கு எப்படிப் போனாள் என்று கேட்பார்கள். மஞ்சளும் சிவப்பும் மல்லிகைப் பந்துமாக, இரவல் வாங்கிய நகையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, குட்டிக்குரா பவுடர் கழுத்தில் திட்டுத் திட்டாகத் தெரியத்தான் போனாள். இன்றும் தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவில் நின்று பார்த்தால் அடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கவும் கூடாது, முருகன் சாம்பல் நிறம் கேட்கும் சாமி இல்லை. என் பதில் இது: பிரெஞ்சுக்காரி தன் அலங்காரத்தை நாளுக்குக் கொஞ்சமாகச் செலவழிக்கிறாள், நம்மவள் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்தாள். வேலைத்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே கோடு தெளிவாக இருந்தது, ஒன்று மற்றதன் எல்லைக்குள் வராது. இந்தப் பதிலால் வழக்கு முழுக்க ஜெயித்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆரஞ்சு நைலக்ஸ் சேலைக்குக் கிளிப்பச்சை ரவிக்கை போட்ட காலமும் ஒன்று இருந்தது. அது எந்த வாதத்துக்கும் அடங்காது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு நம் ஊர் தெரியாது என்றும் தப்பிக்க முடியாது. ஜாக் த மோர்கன் 1884இல் கிந்தாப் பகுதியை அளந்து வரைபடம் போட்டார். 1886இல் தொடங்கிய பிரெஞ்சு ஈயக் கம்பெனி கம்பாரில் சுரங்கம் தோண்டியது. சிலாங்கூரில் ரப்பர் பயிரிட்ட ஆன்ரி ஃபோக்கொனியே தன் மலாயா நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கொன்கூர் பரிசு வாங்கினார். அதில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். ஈயம் போயிற்று, ரப்பர் போயிற்று, கதையும் போயிற்று. தலைத்துணி முடிச்சு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. துரைமாரின் உடை நம் கண்ணில் நன்றாகவே பட்டிருக்கிறது: பத்து காஜா அருகே கெல்லி கோட்டைப் பக்கத்துக் கோயிலின் கூரையில் சாமி சிலைகளோடு சேர்த்து வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரையையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். துரைச்சட்டைக்குக் கோபுர இடம் கொடுத்த நாம் பாட்டி சட்டைக்கு ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. போக்குவரத்து இன்றும் ஒருவழிப் பாதைதான். 2023இல் ஆஸ்கர் வாங்கிய மிஷெல் இயோ ஈப்போவில் பிறந்தவர். அன்று உடுத்தியது பாரிஸ் டியோர்.

தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறி, பேத்திகள் புந்தோங்குக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்துவிட்ட பிறகு அந்த அழகு எங்கே போனது? லிட்டில் இந்தியாவின் தீபாவளிக் கடைகளில் தேடினால் கிடைக்காது. அங்கே விற்பது கல் வைத்த சேலை. கட்டியவள் உட்கார்ந்தால் நாற்காலிக்குக் கீறல் விழும். வேலைநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் தேடுங்கள். மலாய்க்காரர்களின் பாஜு கூரோங்கை ஒரே நிறத்தில் தளர்வாகப் போட்டு, அதற்குமேல் ஒரு சிறு பொட்டும் இரண்டு முழம் மல்லிகையும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் தமிழாசிரியைதான் அந்தப் பாட்டியின் சரியான வாரிசு. வேலைக்கு ஏற்ற உடை, இரவல் வாங்கிய வெட்டு, தன்னுடையதாக ஒன்றே ஒன்று. இதை ஸ்டைல் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லிவிடவும் வேண்டாம், அடுத்த வாரமே அதிலும் கல் வைத்துவிடுவார்கள். மற்றபடி, பழைய டிரங்குப் பெட்டியில் பாட்டியின் கறைபட்ட வெளிக்காட்டுச் சட்டை ஏதாவது கிடந்தால் தரை துடைக்க எடுத்துவிடாதீர்கள். பாரிஸிலிருந்து எவராவது வந்து விலை கேட்பார்கள். கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள்.