லூஸ் காண்டாக்ட் மாமா

பழைய டெஸ்க்டாப் இருக்கிற வீட்டுக்கு, அதைப் பார்க்க வருகிற மாமா ஒருவரும் இருப்பார். கடைக்காரரைக் கூப்பிட்டால் ஒரே பார்வையில் “இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார், புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிடுவார். மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. ஓய்வு பெற்றவர். என்ன உத்தியோகம் பார்த்தார் என்று தெருவில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆனால் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும்.

அடியோடு செத்துப்போன கம்ப்யூட்டரை அவர் சீண்ட மாட்டார். ஒழுங்காக ஓடுவதும் அவருக்கு ஆகாது. செவ்வாய்க்கிழமை ஆன் ஆகி, புதன்கிழமை மக்கர் பண்ணி, வியாழக்கிழமை தானாகவே சரியாகிறது பாருங்கள், அதுதான் அவருக்கு உயிர். தானாகவே சரியாகிற நோய்க்கு எந்த வைத்தியம் செய்தாலும் பலிக்குமல்லவா?

உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: “கடைசியா யாரு தொட்டது?” வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பத்தாவது படிக்கிற பையன் மெதுவாக நழுவுவான். அதற்குள் தீர்ப்பும் வந்துவிடும்: “லூஸ் காண்டாக்ட்தான். வேற ஒண்ணும் இருக்காது.” இதெல்லாம் மூடியைத் திறப்பதற்கு முன்பே.

திறந்த பிறகு ஒரு ரப்பர் கேட்பார். பென்சில் அழிக்கிற சாதாரண ரப்பர்தான். ரேமைக் கழற்றி, அடியில் பொன்னிறமாக வரிசை கட்டியிருக்கும் முனைகளை ஒரே திசையில் தேய்ப்பார். ரப்பர் துகளை வாயால் ஊதுவார். திரும்பவும் சொருகி, இரண்டு பக்கமும் ‘டக்’, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அமுக்குவார். இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. வருடக்கணக்காக அசையாமல் இருந்த முனைகளில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போவது உண்டு. திரையில் ஒன்றும் வராமல் ‘பீப் பீப்’ என்று கத்துகிற எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இப்படிக் கழற்றி மாட்டியே எழுந்திருக்கின்றன.

அதோடு விட்டால் மாமா இல்லை. அடுத்து, உள்ளே கரன்ட் சப்ளை கொடுக்கிற எஸ்எம்பிஎஸ். பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் சேர்ப்பார். விசிறி சுற்றியதும் “சப்ளை ஓகே” என்பார். விசிறி சுற்றுவதற்குக் கொஞ்சம் கரன்ட் போதும். போர்டு முழுவதையும் இழுக்கத் தெம்பிருக்கிறதா என்பது வேறு விஷயம். அதையெல்லாம் அவரிடம் யார் சொல்வது? பிறகு போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. காசு அளவுக்கு வட்டமான, 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் ஒவ்வொரு தடவையும் தேதி ஏதோ பழைய வருஷத்து ஜனவரி 1க்குப் போய் நிற்கும். பாதி வலைத்தளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று கதவைச் சாத்தும். அதையும் மாற்றுவார். கேபிளை எல்லாம் பிடுங்கிச் சொருகுவார். பிளக்கை வேறு பாயின்டுக்கு மாற்றுவார்.

கம்ப்யூட்டர் எழுந்துவிடும். எதனால் எழுந்தது? அது அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால், “எல்லாம் சேர்ந்துதான்” என்பார். பக்கத்து மூடியை மட்டும் மாட்ட மாட்டார்: “காத்து வரட்டும்.” அடுத்த தடவை திறக்கிற வேலை மிச்சம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. விண்டோஸ் 7 காலத்துக் கம்ப்யூட்டர். சுவிட்சை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடும். ஆனால் வீட்டுக்கார அம்மா அழுத்தினால் மட்டும் சமர்த்தாக ஓடும். “எல்லாம் அம்மா கைராசி” என்று வீடே நம்பியது. மாமா நம்பவில்லை. ரேம் தேய்ந்தது. பேட்டரி மாறியது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று வந்து இறங்கியது. மாமா கட்டை விரலை வைத்து அமுக்குவார். நாலு எண்ணுவதற்குள் அணையும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், அந்த வீட்டுப் பெண் ஈரத் துணியால் கேபினெட்டைத் துடைத்தாள். சுவிட்சைச் சுற்றி, போன வருஷத்துச் சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது. ஊக்கால் நோண்டி எடுத்தாள். சுவிட்ச் ‘டிக்’கென்று மேலே வந்தது. அதன்பிறகு யார் அழுத்தினாலும் ஓடியது.

நடந்தது இவ்வளவுதான். அந்த சுவிட்சை நாலு விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், அமைப்பே அப்படி. ஓங்கி அமுக்கினால் சந்தனத்தில் மாட்டிக்கொண்டு சுவிட்ச் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றுவிடும். அம்மா பூப்போலத் தொட்டு விடுவார், மாட்டாது. போன பூஜையில் “சுவிட்சுக்கு மேலேயே வைம்மா, அதுதான் உயிர்நாடி” என்று சந்தனம் வைக்கச் சொன்னவர் யார் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய மனிதர்.

சுண்டல் வாங்க வந்த மாமாவிடம் அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல, லூஸ் காண்டாக்ட்னு!”

“மாமா, அது லூஸ் இல்ல. டைட்டா ஒட்டிக்கிட்டிருந்தது.”

“ரெண்டும் காண்டாக்ட்தானேம்மா” என்றவர், சுண்டலை ஒரு வாய் போட்டுக்கொண்டு, மேஜையின் மறுகோடியைக் கனிவோடு பார்த்தார். “ஆமா, இந்த பிரின்டர் எப்பவாவது மக்கர் பண்ணுதா?”