எளிமையின் விலை ரூ. 33.66 கோடி

2011 ஆகஸ்டில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் அன்னா ஹசாரே பட்டினி கிடந்தார். நாடே பட்டினி கிடந்ததுபோல டிவிகள் அலறின. கேட்டது ஒன்றுதான்: ஊழலை விசாரிக்கும் லோக்பால். அது வந்தால் திருடர்களெல்லாம் கம்பி எண்ணுவார்களாம். நம்பினோம். நம்மை நம்பவைக்க ஒரு வெள்ளைத் தொப்பி போதும்.

அந்த மேடையில் இருந்த அரவிந்த் கெஜ்ரிவால் 2012 நவம்பரில் கட்சி தொடங்கினார். சின்னம் துடைப்பம். வாகனம் வேகன் ஆர். கழுத்தில் மஃப்ளர். காங்கிரஸ் தயவே வேண்டாம் என்றார். அதே காங்கிரஸ் முட்டுக்கொடுக்க 2013 டிசம்பரில் முதல்வரானார். ஜன்லோக்பால் மசோதாவைக் கொண்டுவர விடவில்லை என்று 49 நாளில் ராஜினாமா. என்ன ரோஷம்! டெல்லி சொக்கிப்போனது. 2015இல் 70க்கு 67 இடம்.

துடைப்பம் முதலில் பெருக்கித் தள்ளியது யாரை? கேள்வி கேட்ட யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும். கட்சிக்குள்ளேயே ஒரு லோக்பால் இருந்தார், முன்னாள் கடற்படைத் தளபதி ராமதாஸ். அவரையும் அனுப்பிவிட்டார்கள். லோக்பால் ஊருக்குத்தான்!

பங்களா வேண்டாம் என்றவரின் இல்லத்தைப் புதுப்பிக்க முதலில் போட்ட மதிப்பீடு 7.91 கோடி. முடிந்தபோது 33.66 கோடி. டெல்லி மக்கள் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்த கொரோனா காலத்தில்தான் இந்த வேலை. கணக்கைச் சொன்னது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி. ஒரு காலத்தில் சிஏஜி அறிக்கையை இவர்கள் வேதம்போல ஓதினார்கள். ஆட்சிக்கு வந்தபின் 14 அறிக்கைகளைச் சட்டமன்றத்தில் வைக்காமல் இழுத்தடித்தார்கள். உயர் நீதிமன்றமே கடிந்துகொண்டது.

குற்றச்சாட்டு வந்தாலே மந்திரி விலக வேண்டும் என்று முழங்கியவர், 2024 மார்ச்சில் மதுக் கொள்கை வழக்கில் அமலாக்கத் துறையால் கைதானபோது விலகவில்லை. சிறைக்குள்ளும் முதல்வர்தான். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அமலாக்கத் துறைக்கு எதிர்க்கட்சிக்காரர் வீட்டு முகவரி மட்டும்தான் தெரியும் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் குற்றச்சாட்டு வந்தாலே விலக வேண்டும் என்ற விதியை எழுதியவர் யார்?

2025 பிப்ரவரி தேர்தல். கட்சிக்கு 22 இடம். கெஜ்ரிவாலே 4,089 வாக்கில் தோற்றார்.

லோக்பால் என்னவாயிற்று என்கிறீர்களா? வந்தது ஐயா. சட்டம் 2013இல், முதல் தலைவர் 2019இல். 2025 அக்டோபரில் அது டெண்டர்கூட விட்டது. ஏழு பிஎம்டபிள்யூ கார்கள் வாங்க.