லென்ஸ் சித்தப்பா

கல்யாண மண்டபத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் மேடைக்கு மேலே தொங்கும் விளக்குகளைக் கவலையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லாம் எல்.இ.டி. துடிக்குது பாருங்க. எலெக்ட்ரானிக் ஷட்டர்ல எடுத்தா படம் பூரா பட்டை பட்டையா விழும்" என்பார், கேட்காதவரிடமும். கழுத்தில் கேமரா தொங்கும். அதில் அந்தக் கல்யாணத்துக்குத் தோதுப்படாத ஒரு லென்ஸ் இருக்கும். தோதான லென்ஸ் காரில் இருக்கும், இல்லையென்றால் வீட்டில், அதுவும் இல்லையென்றால் கூரியரில் வந்துகொண்டிருக்கும்.

வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே. வீட்டுக் கடன் முக்கால்வாசி அடைந்திருக்கும். பிள்ளைகள் அப்பாவோடு வெளியே வரக் கூச்சப்படும் வயதை எட்டியிருப்பார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும். டாக்டர் காலையில் நடக்கச் சொல்லியிருப்பார். வெறுங்கையோடு நடப்பதைவிட ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கௌரவமாக இருக்குமே என்று தோன்றியிருக்கும். அங்கேதான் ஆரம்பம். உங்கள் வீட்டில் இவர் மாமாவாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்தவர் மடிப்பாக்கத்தில் இருக்கும் ஒரு சித்தப்பா. அதனால் சித்தப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

கேமரா கைக்கு வருவதற்கு முன்பே சித்தப்பா நிபுணராகிவிட்டார். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சரித்திரமே சொல்வார். "2008-ல பானாசோனிக் ஜி1 வந்தப்ப பொம்மைன்னு சிரிச்சாங்க. 2013-ல சோனி ஏ7 வந்துச்சு, ஃபுல் ஃபிரேம். கேனானும் நிக்கானும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே 2018 ஆயிடுச்சு!" பக்கத்து இலைக்காரர் தலையாட்டிவிட்டு ரசம் கேட்பார்.

விஷயம் இதுதான். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருந்தது. லென்ஸ் வழியே வரும் காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும்; பொத்தானை அழுத்தியதும் சட்டென்று எழுந்து ஒதுங்கி வழிவிடும். அந்தக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சென்சார் பார்ப்பதையே ஒரு சின்னத் திரையில் காட்டினால் அது மிரர்லெஸ். உள்ளே இடம் மிச்சம், கேமரா இளைத்தது. "கைக்கு அடக்கமா இருக்கும், வெயிட்டே கிடையாது" என்பதுதான் சித்தியிடம் அவர் வைத்த முதல் வாதம். இந்த வாதத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவோடு ஒரு லென்ஸும் வந்தது. கிட் லென்ஸ். 16-லிருந்து 50 மில்லிமீட்டர் வரை போகும், மடக்கினால் சட்டைப்பைக்குள் போய்விடும், வீடு வாசல் கோயில் குழந்தை எல்லாம் எடுக்கும். அதை அவர் ஒரு வாரம்கூட மதிக்கவில்லை. இருட்டில் தடவுகிறது, ஜூம் செய்யச் செய்ய வெளிச்சத்தை உள்ளே விடும் வாய், அதாவது அபெர்ச்சர், 5.6-க்குச் சுருங்கிவிடுகிறது, பின்னணி மங்கவில்லை. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சித்தப்பாவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இதுதான்: அவர் ஒரு லென்ஸையும் ஊதாரித்தனமாக வாங்கியவர் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அப்பழுக்கற்ற காரணம் உண்டு. போன லென்ஸ் செய்த கோளாறை இந்த லென்ஸ் தீர்த்துவைக்கும். தீர்த்த கையோடு தன் பங்குக்கு ஒரு புதுக் கோளாறைப் பெற்றுப் போடும்.

முதலில் வந்தது 50 மில்லிமீட்டர், எஃப் 1.8. எல்லா நிபுணர்களும் கை காட்டுகிற, இருப்பதிலேயே விலை குறைந்த பிரைம், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ்.

"கார்த்தியே-பிரெஸ்ஸோன் தெரியுமா? உலக மகா போட்டோகிராஃபர். பெரும்பாலும் இந்த 50-ஐ வெச்சுத்தான் எடுத்தாரு."

"அப்போ இது ஒண்ணு போதும்ல?" என்றார் சித்தி.

சித்தப்பா பேச்சை மாற்றினார்.

ஆனால் அவருடையது கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது. அதில் 50 என்பது 75 மாதிரி இறுக்கமாகப் பார்க்கும். ஐந்தரை அடி ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க ஏறக்குறைய 14 அடி பின்னால் போக வேண்டும். மடிப்பாக்கம் ஃபிளாட்டின் ஹால் 12 அடி. சித்தப்பா பின்னால் நகர்ந்து நகர்ந்து, டிவி ஸ்டாண்டைத் தாண்டி, பால்கனிக் கதவைத் திறந்து, துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து நின்று, ஈரத் துண்டு ஒன்று தலையில் வழிய, "இப்ப சிரிங்க" என்று கத்துவார். உள்ளே நிற்கிறவர்கள் அதற்கு முன்பே சிரித்து முடித்திருப்பார்கள்.

அந்த லென்ஸின் நிஜமான விளையாட்டு ஓர் அறுபதாம் கல்யாணத்தில் நடந்தது. சித்தப்பா 1.8-லேயே குரூப் போட்டோ எடுத்தார். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை யாராவது வீணாக்குவார்களா? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் வீட்டு ஆட்கள் கண் இமை ரோமம் எண்ணலாம் போலத் துல்லியமாக விழுந்தார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் சம்பந்தி வீட்டார். அத்தனை பேரும் பாலாடை போர்த்தியது மாதிரி மங்கல்.

"எங்க பக்கத்து ஆளுங்களை மட்டும் ஏன் மசமசன்னு எடுத்திருக்கீங்க?"

"அது டெப்த் ஆஃப் ஃபீல்டுங்க சம்பந்தி. வாயை நல்லாத் திறந்தா ஃபோகஸ்ல நிக்கிற தூரம் கம்மி ஆயிடும்."

"யார் வாயைத் திறந்தா?"

அபெர்ச்சரின் வாயைத்தான் சொன்னேன் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. செய்திருக்க வேண்டியது 5.6-க்குச் சுருக்குவது. வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும், ஐ.எஸ்.ஓ. என்கிற வெளிச்ச உணர்வை ஏற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 5.6-ஐ கிட் லென்ஸ் கூடுதல் காசில்லாமலேயே கொடுத்திருக்கும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியும் கேமராவில் இருக்கிறது. உண்மையிலேயே அற்புதமான வசதி. ஓடுகிற குழந்தையின் கண்ணையும் விடாது. தீபாவளியன்று வீட்டில் எடுத்த படத்தில் அது சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த தாத்தாவின் கண்ணைப் பிடித்துக்கொண்டது. உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் மங்கல்.

50 இறுக்கம் என்று 35 வந்தது. 35-க்குள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கிழக்கு கோபுரம் அடங்கவில்லை. அது ஏறக்குறைய 120 அடி உயரம். பின்னால் போகலாம் என்றால் தெருவும் ஆட்டோவும் விடாது. அதற்காக அகல லென்ஸ் வந்தது. கோபுரம் அடங்கியது, ஆனால் கேமராவை அண்ணாந்து பிடித்ததில் மல்லாக்கச் சாய்ந்துகொண்டது. சாய்வை நிமிர்த்த மென்பொருள், அதற்குச் சந்தா, அது ஓடக் கனமான கம்ப்யூட்டர். நடுவில் ஒரு ரஷ்யப் பழைய லென்ஸ், ஹீலியோஸ் 44-2. பின்னணி இலைகளைச் சுழல்போலச் சுற்றவைக்கும் என்று பேர்போனது. இந்த மாதிரிப் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் ஃபிலிமிலிருந்து ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் தள்ளி உட்காரும்படி செய்யப்பட்டவை. கண்ணாடி எழுந்து ஒதுங்க அந்த இடம் வேண்டும். சோனி மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி வெறும் 18. மிச்சத்தை நிரப்ப ஓர் அடாப்டர். சித்தி அதை வாங்கி ஒரு பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபக்கம் சித்தப்பா தெரிந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"அதான் அதோட வேலையே."

"இதுக்கா ரெண்டாயிரம்?"

சித்தப்பா லென்ஸ் மாற்றுவதை ஒரு தடவையாவது கிட்ட இருந்து பார்க்க வேண்டும். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலான கேமராக்களில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். முன்னால் கண்ணாடி இல்லை, தடுக்க ஆளில்லை, ஒரு தூசி உட்கார்ந்தால் அப்புறம் எடுக்கிற எல்லா வானத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. அதனால் முதலில் ஃபேனை நிறுத்துவார். மே மாதமானாலும் சரி. ஜன்னல் சாத்தப்படும். யாரும் நடக்கக் கூடாது, போர்வை உதறக் கூடாது. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் குமிழால் புஸ் புஸ் என்று நாலு முறை ஊதி, பழையதைத் திருகி எடுத்து, புதியதன் வெள்ளைப் புள்ளியையும் கேமராவின் வெள்ளைப் புள்ளியையும் நேராக்கி, 'க்ளிக்' சத்தம் வந்த பிறகே மூச்சு விடுவார். அதற்குள் எதற்காக மாற்றினாரோ அந்தக் குருவி பறந்திருக்கும். கரண்ட் போனதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டும் போயிருப்பார்.

அப்புறம் பூஞ்சை. சென்னைக் காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம்; மூடிய பைக்குள் வைத்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை ஓடிவிடும். ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் சித்தி மேலாகக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பரிமாறிவிடுவார். லென்ஸில் அந்த நியாயம் செல்லாது. ஆகவே கண்ணாடிக் கதவும், ஈரப்பதம் காட்டும் எண்ணும், மூன்று தட்டும் கொண்ட டிரை கேபினட் ஹாலுக்கு வந்தது. இரவும் பகலும் 45 சதவீதம். "எங்கம்மா வந்திருந்தப்ப ஏ.சி. போடலாமா வேணாமான்னு கரண்ட் பில்லை எடுத்துப் பாத்த மனுஷன்" என்று சித்தி அதைக் கடக்கும்போதெல்லாம் சொல்வார். கேபினட் அவரைக் காப்பாற்றியதும் இல்லை. ஒரு ஞாயிறு விடியற்காலை, மீன் ஏலத்தைப் படம் எடுக்கக் காசிமேட்டுக்கு ஏ.சி. காரில் போனார். இறங்கியதும் குளிர்ந்த லென்ஸில் கடல் காற்று பட்டு ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படியும். தானாக வெப்பம் ஏறும்வரை காத்திருப்பதுதான் வழி. அது தெளிவதற்குள் வஞ்சிரம் எல்லாம் விலை போயிருந்தது. அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் அதிகம் படம் எடுத்த பொருள் எது தெரியுமா? எதிர் வீட்டு மொட்டை மாடிக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. எந்த லென்ஸ் வந்தாலும் முதல் படம் அதுதான். நடுவில் வைத்து ஒன்று, நாலு மூலையிலும் வைத்து நாலு, ஒவ்வொரு அபெர்ச்சரிலும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, தொட்டியின் மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கின் கடைசி சைபர் மூலையில் கலங்குகிறதா என்று பார்ப்பார். கலங்கினால் முகம் வாடிவிடும். அந்த வீட்டுக்காரர் தன் தொட்டியில் ஏதோ விரிசல் என்று பயந்து பிளம்பரை அழைத்தது தனிக் கதை.

பிறகு ஃபுல் ஃபிரேம் மோகம் வந்தது. கிராப் லென்ஸ்களைப் பெரிய சென்சாரில் போட்டால் மூலைகள் இருட்டும். இருட்டாத நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் 24 மெகாபிக்சல் பத்துச் சொச்சமாகச் சுருங்கும். அதனால் லென்ஸ் குடும்பம் மொத்தமும் மாறியது. பழைய 50 மட்டும் ஒரு பாசத்தில் தங்கிவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை வரும், கூழைக்கடா வரும். 600 மில்லிமீட்டர் வரை போகும் ஜூமும் வந்தது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதைத் தாங்க ட்ரைபாட், ட்ரைபாடுக்குத் தனித் தலை, எல்லாவற்றையும் அடைக்க முதுகுப் பை. வெயில் ஏறிவிட்டால் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று நெளியும். எந்த விலை லென்ஸும் அந்தக் கானலைத் தாண்டிப் பார்க்காது. பூநாரைகள் எல்லாம் அலையில் ஆடுகிற நிழல்களாகத்தான் விழுந்தன. "லென்ஸ் மேல தப்பில்ல, காத்து மேலதான்" என்றார். நடப்பதையும் நிறுத்திவிட்டார். ட்ரைபாடை விட்டு நகர்ந்தால் யார் பார்த்துக்கொள்வது? சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்று கேள்வி.

போன மாதம் அவருடைய அண்ணன் மகள், முதல் சம்பளத்தோடு வந்தாள். கேமரா வாங்க வேண்டுமாம், யோசனை வேண்டுமாம். பயந்துகொண்டேதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா நிதானமாகச் சொன்னார்:

"கைக்கு எது பிடிப்பா இருக்கோ அந்த பாடி வாங்கு, செகண்ட் ஹேண்ட் போதும். கிட் லென்ஸ் போதும். ஆறு மாசத்துக்கு வேற ஒண்ணும் வாங்கக் கூடாது. அப்புறம் எடுத்ததை எல்லாம் திறந்து பாரு. எந்த மில்லிமீட்டர்ல எடுத்தேன்னு ஒவ்வொரு படத்துலயும் பதிவாகியிருக்கும். எது அடிக்கடி வருதோ, அந்த அளவுல ஒரே ஒரு பிரைம் வாங்கு. லென்ஸ் மாட்டுற மவுண்ட்டை மட்டும் இப்பவே யோசிச்சுக்கோ. பாடி மாறும், லென்ஸ் கூடவே இருக்கும்."

இதைவிட நல்ல யோசனையை நான் எங்கேயும் கேட்டதில்லை. சித்திகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"நீங்க அப்படிப் பாத்தீங்களா சித்தப்பா?"

"எனக்கெல்லாம் அனுபவத்துலயே தெரியும்மா" என்றவர், கேபினட்டைத் திறந்து பழைய 50-ஐ எடுத்தார். "ஆறு மாசம் கழிச்சு எப்படியும் இதுதான் வேணும்பே. வெளியில போனா கூடுதல். நமக்குள்ள பாதி விலை."

அவள் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை கேபினட்டின் நடுத்தட்டில் 50 இருந்த இடத்தில் இரண்டு கட்டு அப்பளமும் ஒரு டப்பா அரிசி வடகமும் இருந்தன.

"45 சதவீதம்னா நமத்துப் போகாதுல்ல?" என்றார் சித்தி.

"அப்பளத்துல பெருங்காயம் இருக்குடி! லென்ஸெல்லாம் வாசனை புடிச்சிடும்!"

"போட்டோவுல தெரியுமா?"

சித்தப்பாவிடம் இதற்குத் தொழில்நுட்ப ரீதியாகப் பதில் இல்லை. வடகம் இன்றைக்கும் மொறுமொறுவென்று பொரிகிறது, நானே சாப்பிட்டேன். அவர் இப்போது ஐந்து தட்டு கேபினட் ஒன்று பார்த்துவைத்திருக்கிறார், காரணமும் அப்பழுக்கற்றது.