தோற்ற மறுநாள் தோன்றும் அறிவு: ரக்பி ரசிக இலக்கணம், மூலமும் உரையும்

தோற்ற மறுநாள் தோன்றும் அறிவே
ஏற்ற அறிவென இயம்புவர் ரசிகர்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணியாகிய ஆல் பிளாக்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளர் எவ்வாறு அமைகிறார் என்பது உணர்த்துதல் நுதலிற்று. அவரை நியமிப்பது அந்நாட்டு ரக்பி வாரியம் அன்றோ எனின், ஆணையைத் தட்டச்சு செய்யும் அளவில் வாரியம் நியமிக்கிறது. ஏற்பதும் விலக்குவதும் ஐம்பது லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆடுகள் இரண்டு கோடிக்கு மேல் உண்டு. அவை இதுவரை கருத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. இந்த விவகாரத்தில் நிதானம் காட்டிய ஒரே பெரும்பான்மை அவைதாம்.

சூத்திரம் செய்தவனும் உரை செய்பவனும் ஒருவனே. ஆகவே நூலாசிரியர் கருத்து இன்னதென்று உரைகாரர்கள் மோதிக்கொள்ள வழியில்லை என்று நம்பித் தொடங்கினேன். இரண்டாம் சூத்திரத்திலேயே எனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

'மறுநாள்' என்ற சொல்லை நோக்குக. ஆட்டத்துக்கு முந்தைய நாள் தோன்றுவது ஆசை. ஆட்டத்தின்போது தோன்றுவது கூச்சல். மறுநாள் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "நான் அப்போதே சொன்னேன்" என்று தொடங்கும்போது தோன்றுவதே அறிவு. இதை நையாண்டி என்று கொள்ளற்க. இதற்கு ஆட்டத்தின் விதியிலேயே சான்று உண்டு. ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பின்னால் வருபவனுக்கே கொடுக்க வேண்டும். 1870-இல் நெல்சன் நகரில் நாட்டின் முதல் ஆட்டம் நடந்த நாளிலிருந்து பின்னோக்கியே கொடுத்துப் பழகிய ஒரு சமூகத்திடம் முன்யோசனையை எதிர்பார்ப்பது நம் தவறு.

இனி இந்த ஒழுக்கத்துக்கு முதல், கரு, உரி மூன்றும் கூறுவாம். நிலம், மதுக்கூடமும் அலுவலகத் தேநீர் அறையும் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையும். பெரும்பொழுது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பை. சிறுபொழுது ஞாயிற்றுக்கிழமை காலை. ஐரோப்பாவில் சனிக்கிழமை இரவு நடக்கும் ஆட்டம் அங்கே ஞாயிறு காலையில்தான் வந்து சேரும். காலைச் சிற்றுண்டியோடு தோற்கும் பேறு பெற்ற நாடுகள் உலகில் அதிகமில்லை. கருப்பொருளில் பறவை கிவி, உணவு இறைச்சி அடைத்த பை, நீர் பீர், பூ கிடையாது. பூக்காத தாவரமான வெள்ளிப் பெரணியே சின்னம். உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும். பிரிவு இல்லையோ எனின், இல்லை. இந்த ரசிகர் அணியோடு ஊடுவாரே அன்றிப் பிரிந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்க. விற்பனைப் பகுதியில் வேண்டியிருக்கும்.

ஊடல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எல்லை காட்டுவது 1999. ஜான் ஹார்ட் பயிற்சியில் அணி முந்தைய ஆண்டு தொடர்ந்து ஐந்து டெஸ்டுகளில் தோற்றிருந்தது. அவ்வாண்டு ட்விக்கன்ஹாமில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், முன்னிலையில் இருந்துகொண்டே பிரான்சிடம் 43–31 என விழுந்தது. ஹார்ட் பதவி விலகினார். விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பங்குள்ள பந்தயக் குதிரை ஒன்று கிறைஸ்ட்சர்ச்சில் ஓட வந்தது. கூட்டம் குதிரையைப் பார்த்துக் கூவியது. பீர் கேன்கள் பறந்தன. அரையிறுதியின் பின்பாதியில் தற்காப்பு சரிந்ததற்குக் குதிரை எவ்வகையில் பொறுப்பு என்று ஆராய்ந்தேன். சான்று கிடைக்கவில்லை. ஆயினும் ரசிக நீதியில் உடைமையும் உடையவனும் வேறல்ல என்பது இதனால் பெறப்படும்.

ஒருபுள்ளி மிகினே திருவும் பட்டமும்
ஒருபுள்ளி குறையின் பெருவழிப் பயணம்.

இது பயிற்சியாளர்க்கு உரிய ஆக்கமும் கேடும் கூறுகின்றது. கிரகாம் ஹென்றியே முதற்காட்டு. 2007-இல் அவர் முன்னணி ஆட்டக்காரர்கள் 22 பேரை சூப்பர் 14 போட்டியின் முற்பாதியிலிருந்து விலக்கி, உடம்பைத் தேற்றி வைத்து, உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனார். கார்டிஃபில் நடந்த காலிறுதியில் பிரான்சு 20–18 என வென்றது. பிரான்சின் தீர்க்கமான ட்ரைக்கு முன் பந்து முன்னோக்கி எறியப்பட்டதை நடுவர் கவனிக்கவில்லை. எந்த விதியின் மேல் ஒரு நாகரிகமே கட்டப்பட்டதோ அந்த விதி! போதாக்குறைக்கு அன்று அணி கறுப்பை விட்டுச் சாம்பல் நிற ஜெர்சியில் ஆடியது. தோல்விக்குக் காரணம் நடுவரா, ஓய்வா, சாம்பலா என்பதில் மூன்று பள்ளிகள் உண்டு. மூன்றாம் பள்ளியை நான் மதிக்கிறேன். நிறத்தைக் குற்றம் சொல்பவர் மனிதர் யாரையும் புண்படுத்துவதில்லை.

தோற்றவரையே வாரியம் மறுபடியும் வைத்துக்கொண்டது. அப்பதவிக்குப் போட்டியிட்ட ராபி டீன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்காடியில் அடுத்த கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே போய்விடுவது போன்ற செயல் அது. 2011-இல் ஹென்றியின் அணி அரையிறுதியில் டீன்ஸின் ஆஸ்திரேலியாவை 20–6 என வீழ்த்தி, ஆக்லாந்தில் பிரான்சை 8–7 என வென்று கோப்பையைத் தூக்கியது. ஒரு புள்ளி. ஹென்றிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. வெற்றிக்கான பெனால்டியை அடித்தவர் ஸ்டீபன் டொனால்ட். ஓராண்டு முன்பு ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதற்காக நாடே திட்டித் தீர்த்த அதே டொனால்ட். அவருக்கு முன்னால் வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட, வைக்காட்டோ ஆற்றில் பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தவரை அழைத்து வந்தார்கள். 'பொடிமீன் பிடித்தவனை வைத்தே வென்றவர்' என்ற புகழை ஹென்றிக்கு ரசிகர் வழங்கினர். தோற்றிருந்தால் இதே சொற்றொடர், எழுத்து மாறாமல், குற்றப்பத்திரிகையின் முதல் வரியாகியிருக்கும்.

இரண்டாங்காட்டு இயன் ஃபாஸ்டர். இங்கேதான் எனக்கும் எனக்கும் சண்டை. 2019 டிசம்பரில், ஸ்காட் ராபர்ட்சனை விட்டுவிட்டு வாரியம் ஃபாஸ்டரை எடுத்தது. ராபர்ட்சன் கிறைஸ்ட்சர்ச் குரூசேடர்ஸ் அணியோடு ஆண்டுதோறும் பட்டம் வென்று, வென்றதும் மைதானத்தில் சுழன்று பிரேக்டான்ஸ் ஆடியவர். ஆடத் தெரிந்த பயிற்சியாளரை விட்டுவிட்டார்களே என்ற ஏக்கம் அன்றே முளைத்தது. 2022-இல் அயர்லாந்து நியூசிலாந்து மண்ணுக்கே வந்து தொடரை வென்று சென்றது. 1994-க்குப் பின் அப்படி நடந்ததில்லை. ஃபாஸ்டர் போனார் என்றே எல்லோரும் எண்ணியிருக்க, ஆகஸ்டில் ஜோகனஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் தென்னாப்பிரிக்காவை 35–23 என வென்று பதவியைக் காத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, அதுவும் கிறைஸ்ட்சர்ச்சிலேயே, அர்ஜென்டினாவிடம் 25–18 எனத் தோற்றார். நியூசிலாந்து மண்ணில் அர்ஜென்டினா வென்றது அதுவே முதல்முறை. இரண்டு வாரத்தில் தம் கருத்தை இரண்டு முறை மாற்றிக்கொண்ட ரசிகர்கள் களைத்துப்போனார்கள்.

2023 மார்ச்சில் வாரியம் ஒன்று செய்தது. ஃபாஸ்டர் பதவியில் இருக்கும்போதே, உலகக் கோப்பைக்கு ஆறு மாதம் முன்னதாகவே, அடுத்த பயிற்சியாளர் ராபர்ட்சன் என்று அறிவித்தது. மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்திருக்க, அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு மாப்பிள்ளை பெயரில் பத்திரிகை அடித்து விநியோகித்தாற் போல. அந்த மாப்பிள்ளையோ, பாரிஸில் இறுதியாட்டம் வரை போய், தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பின்னும் 14 பேரோடு போராடி, தென்னாப்பிரிக்காவிடம் 12–11 எனத் தோற்றார். மீண்டும் ஒரு புள்ளி.

சூத்திரகாரனாகிய நான், 'பார், ஒரு புள்ளி குறைந்தது, பயணம்' என்கிறேன். உரைகாரனாகிய நான் மறுக்கிறேன்: பயணம் மார்ச்சில் முடிவாகிவிட்டது, புள்ளி குறைந்ததோ அக்டோபரில், காரியம் முந்திக் காரணம் பிந்துமோ? இரண்டு நாள் யோசித்தும் விடை தோன்றாததால், இதனை 'எதிரது போற்றல்' என்னும் உத்தியாற் கொள்க என்று எழுதிவிட்டு நகர்கிறேன். முன்னோரும் திணறிய இடங்களில் இப்படித்தான் நகர்ந்திருக்கிறார்கள். ராபர்ட்சன் வந்தபின் ஊடல் தீர்ந்ததோ எனின், 2025 செப்டம்பரில் வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 43–10 என வென்றது. ஆல் பிளாக்ஸ் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. மறுநாள் அறிவு பெருகிற்று.

விற்கும் பொருள்யாது வினவுங் காலை
நிற்கும் புலம்பலே நிறைவிலை பெறுமே.

இது வணிகம் கூறுகின்றது. இந்த ஆட்டம் காசால் கெட்டது என்பது மதுக்கூடத்தில் எல்லாப் பள்ளியினரும் ஒத்துக்கொள்ளும் ஒரே கோட்பாடு. 1995-இல் ரக்பி தன்னைத் தொழில்முறை ஆட்டம் என்று அறிவித்துக்கொண்டது. அதற்கு முந்தையது பொற்காலம் என்பர். பொற்காலம் அல்ல, வெள்ளிக்காலம். கல்கத்தாவில் இருந்த ரக்பி கழகம் ஆளின்றிக் கலைந்தபோது, வங்கியிலிருந்த 270 வெள்ளி ரூபாயை எடுத்து உருக்கி, நாகபாம்புக் கைப்பிடியும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து 1878-இல் இங்கிலாந்துக்கு அளித்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்குத்தான் மோதுகின்றன. அன்று காசை உருக்கி ஆட்டம் செய்தார்கள். இன்று ஆட்டத்தை உருக்குகிறார்கள். உலை ஒன்றுதான்.

சான்றுக்கு ஜெர்சியைப் பார்க்கலாம். 2011-இல் அது உள்நாட்டுக் கடையில் 220 டாலர். வெளிநாட்டு இணையக் கடையில் ஏறக்குறையப் பாதி. தன் கறுப்பைத் தூரதேசத்தான் மலிவாக உடுத்துகிறான் என்று நாடு கொதித்தது. 2012 முதல் நெஞ்சில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் வந்தது. அது போய் 2022-இல், சாரம் கட்டும் தொழிலில் வளர்ந்த பிரெஞ்சு நிறுவனமாகிய ஆல்ட்ராட் வந்தது. முதலில் காப்பீடு, அடுத்துச் சாரம்: வீட்டின் நிலை அறிந்தவர் செய்த ஏற்பாடு. அரைக்கால்சட்டையின் பின்புறம் ஓர் இரசாயன நிறுவனத்துக்குப் போயிற்று. அதைப் பற்றி உரை வேண்டா.

அடுத்து அமெரிக்காவின் சில்வர் லேக் என்னும் முதலீட்டு நிறுவனம். பெயரின் பொருள் வெள்ளி ஏரி. வெள்ளிப் பெரணியின் நாட்டுக்கு வெள்ளி ஏரி சம்பந்தம் பேசியது என்பதில் சொல்லாராய்ச்சியாளர் மகிழலாம். ஆட்டக்காரர் சங்கம் மகிழவில்லை. 2021-இல் வாரியத்தின் வணிகத்தில் 12.5 விழுக்காட்டுக்கு 38.75 கோடி நியூசிலாந்து டாலர் என்று பேசியது சங்கத்தின் எதிர்ப்பால் நின்றது. 2022-இல் 20 கோடி டாலருக்கு, 5.71 முதல் 8.58 விழுக்காடு வரை என்று முடிந்தது. வாக்கெடுப்பில் ஆதரவு 89, எதிர்ப்பு 1. மறுபடியும் ஒன்று!

இந்த விழுக்காட்டை ரசிகருக்குப் புரியும் அலகில் மாற்றுவது ஆய்வாளன் கடமை. அணியில் 15 பேர். ஆகவே விற்கப்பட்டது ஏறத்தாழ 0.86 ஆள் முதல் 1.29 ஆள் வரை. எந்த ஆள் என்று பத்திரத்தில் இல்லை. காலத்தால் அளந்தால், 80 நிமிட ஆட்டத்தில் நாலரை நிமிடத்துக்குச் சற்று மேல் தொடங்கி ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கீழ் வரை. எந்த ஏழு? பாரிஸ் இறுதியாட்டத்தில் வெற்றி தந்திருக்கக்கூடிய பெனால்டியை ஜோர்டி பாரெட் தொலைவிலிருந்து உதைத்துத் தவறவிட்டது கடைசி ஏழெட்டு நிமிடத்துக்குள்தான். அந்த உதை முதலீட்டாளர் பங்கில் விழுந்ததா, மக்கள் பங்கில் விழுந்ததா என்பது வழக்குக்குரிய கேள்வி. ரசிகரைக் கேட்டால் தயக்கமின்றி முதலீட்டாளர் பங்கு என்பார். ஜெயித்திருந்தால் விடை மாறும்.

இனி சூத்திரத்தின் 'புலம்பல்'. ஜெர்சியை எந்த நாடும் தைக்கும். 15 பேர் எங்கும் கிடைப்பர். ஆனால் ஞாயிறு காலை தோற்றுவிட்டுத் திங்கள் முதல் சனி வரை அதையே பேசி, மறு ஞாயிறு அதே கட்டணத் தொலைக்காட்சிக்குப் பணம் கட்டிவிட்டு உட்காரும் மக்கள் அங்கேதான் விளைகிறார்கள். சில்வர் லேக் வாங்கியது அந்த விளைச்சலை. ஊடல் உண்டு, பிரிவு இல்லை என்று மேலே சொன்னது இதற்காகத்தான். பிரியாத தலைவி வாயிலில் நிற்பதைக் கண்டுகொண்ட தலைவனுக்கு மலரும் பரிசும் வாங்கிவரும் செலவு மிச்சம். விற்றுவிட்டார்களே என்று இரைபவரின் இரைச்சலே சரக்கு. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. சொன்னால் இன்னும் சற்று உரக்க இரைவார், விலை ஏறும்.

உரையில் குற்றம் காண்போர் திருத்திக் கொள்க. உரைகாரனையே மாற்ற வேண்டும் என்போர், இவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் பெயரை அறிவித்துவிடலாம். முன்னுதாரணம் உண்டு.