இடது என்பது யாருடைய இடது? சாரணர் சட்டையில் சின்னம் தைத்தல் குறித்து ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் யானை, கம்பனில் உவமை, புதுக்கவிதையில் படிமம் என்று நம் ஆய்வாளர்கள் எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் சாரணர் சட்டையின் இடது பாக்கெட்டை யாரும் தொட்டதாக என் கண்ணில் படவில்லை. அந்தப் பாக்கெட்டால் பாதிக்கப்பட்டவன் என்ற தகுதியில் இக்குறையைப் போக்க முன்வந்தேன். ஆய்வுக் களம் ஏழாம் வகுப்பு. ஆய்வு மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று, அதாவது நான். நெறியாளராக இருக்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாமல் தமிழில் எந்தக் கட்டுரையும் எழுந்து நிற்காது. ‘சாரணர்’ பழைய சொல். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியில் சாரணர் வந்து தோன்றுகிறார். அவர் சமண முனிவர். சாரணர்கள் வானில் நடக்கும் ஆற்றல் பெற்றவர்கள் என்பது மரபு. காலே தரையில் படாதவருக்கு ஷூ பாலிஷ் தேவையில்லை என்பதையும், கவுந்தியடிகள் வந்தவரை வணங்கினாரே ஒழிய வரிசையில் நிற்கவைத்துப் பாக்கெட்டைச் சோதிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ‘அணி’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. சாரணர் குழுவும் அணி, நகையும் அணி, போட்டுக்கொள் என்று ஏவினாலும் அணி. தண்டியலங்காரத்தில் விடுபட்ட அணி என்று இச்சீருடையையே கூறலாம்.

வரலாற்றுப் பகுதியைச் சுருக்குகிறேன். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களைக் கூட்டி முகாம் போட்டார். மறு ஆண்டு அதைப் புத்தகமாக்கினார். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. அதிலிருந்து சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு வாகில் என்று வந்து, கடைசியில் எங்கள் வீட்டு ஊசிநூல் டப்பாவுக்கு வந்து சேர்கிறோம்.

விதி எளிது. இடது பாக்கெட்டின் நடுவே உறுப்பினர் சின்னம்: பச்சைத் துணியில் லில்லிப்பூ, அதன்மேல் சாரணியரின் மூவிலை, நடுவில் அசோகச் சக்கரம். வலது பாக்கெட்டின் நடுவே உலகச் சாரணர் சின்னம்: ஊதா நிறத்தில் வெள்ளை லில்லிப்பூ, சுற்றிலும் ஒரு கயிறு, கயிற்றின் அடியில் ரீஃப் முடிச்சு. அந்தப் பூவில் இரண்டு நட்சத்திரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை, ஆக மொத்தம் பத்து. பத்து முனையும் பத்துச் சாரணர் சட்டங்களைக் குறிக்கும் என்பார்கள். நம் நாட்டுச் சாரணருக்குச் சட்டம் ஒன்பதுதான். மிச்சமிருக்கும் ஒரு முனை எதைக் குறிக்கிறது என்று வகுப்பில் கேட்டேன். “அது உன் வாயைக் குறிக்குது, மூடிக்கிட்டு உட்காரு” என்றார் சாரண ஆசிரியர். இவ்விளக்கத்தை மறுக்க வலுவான சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.

இனி மையச் சிக்கல். சின்னங்களை வாங்கிக் கொடுத்த சார், “பச்சை இடது, ஊதா வலது” என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். மறுநாள் பார்வையாளர் வருகிறார். இரவு ஒன்பது மணிக்கு அம்மா சட்டையைப் பொத்தான் போட்டு, முன்பக்கம் மேலே தெரியும்படி மடியில் விரித்தாள். அவளுடைய இடது கை எந்தப் பாக்கெட்டின் மேல் படிந்திருந்ததோ, அது சட்டையின் வலது பாக்கெட்.

“இடதுன்னா இதானே?”

“ஆமாம்மா.”

இந்த இரண்டு வரி உரையாடலைத்தான் இவ்வாய்வின் முதன்மைத் தரவாகக் கொள்கிறேன். தைப்பவர் சட்டையை எதிரே நின்று பார்க்கிறார், போடுபவர் உள்ளேயிருந்து பார்க்கிறார். விதியை எழுதியவர் உள்ளே இருந்தார். தைத்தவர் வெளியே இருந்தார். பிழை அம்மாவுடையது அல்ல, மடியுடையது.

சரிபார்க்கவில்லையா என்று கேட்கலாம். சரிபார்த்தேன், அதுதான் வினையே. பீரோக் கண்ணாடி முன் நின்று, எங்கள் அணித்தலைவர் எதிரே நிற்கும்போது எப்படித் தெரிவாரோ அதை நினைவில் கொண்டுவந்து ஒப்பிட்டேன். அச்சு அசலாக அப்படியே இருந்தது. காரணம், எதிரே நிற்பவரின் இடது நெஞ்சு நம் வலப்பக்கம் தெரியும், கண்ணாடியிலோ நம் வலது நெஞ்சுதான் வலப்பக்கம் தெரியும். ஆகவே, தப்பாகத் தைத்த சட்டை கண்ணாடியில் சரியாகவும், சரியாகத் தைத்த சட்டை தப்பாகவும் தோன்றும். எழுத்து ஏதாவது இருந்திருந்தால் திரும்பித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். லில்லிப்பூ, மூவிலை, சக்கரம் மூன்றும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே முகம் காட்டுபவை. கண்ணாடி பொய் சொல்லாது என்ற கோட்பாடு இத்துடன் காலாவதியாகிறது.

இடதோடு இந்த இயக்கத்துக்கு உள்ள உறவே சிக்கலானது. சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். கேடயம் பிடிக்கும் கையைக் காலியாக்கி நீட்டுவதே உண்மையான நம்பிக்கை என்று ஆப்பிரிக்காவின் அசாந்தி வீரர்கள் கருதியதாக ஒரு கதை இதற்குச் சொல்லப்படுகிறது. தாத்தாவிடம் வெற்றிலைச் செல்லத்தை இடது கையால் நீட்டிக் குட்டு வாங்கியவனிடம் இதை விளக்கிப் பாருங்கள்.

சட்டைக் கைகளில் குழப்பம் குறைவு. வலது கையில் தனித்திறன் சின்னங்கள் வரிசையாகக் கூடிக்கொண்டே போகும். இடது கையில் தேர்ச்சிப் படிகளின் சின்னம்: பிரதம சோபான் வந்தால் அது, துவிதீய சோபான் வந்ததும் முன்னதைப் பிரித்துவிட்டு இது. வலது கை சேர்த்து வைக்கும், இடது கை மறந்துவிடும். மறந்தும் முழுதாக மறக்காது. ஒரு வருட வெயிலில் சட்டை வெளுத்திருக்க, பிரித்த சின்னத்தின் அடியில் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய சாம்பல் நிறம் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் ஊசித் துளைகள். கீழடியில் மண்ணடுக்கைப் படிப்பதுபோல அதைப் படிக்கலாம். அண்ணன் போட்டு, பிறகு தம்பிக்கு வந்த சட்டை என்றால் குறைந்தது இரண்டு பண்பாட்டு அடுக்குகள் உறுதி. தொப்பி, ஷூ பற்றி ஆய்வதற்கு ஒன்றுமில்லை. தொப்பி எல்லோருக்கும் பெரியது, ஷூ எல்லோருக்கும் சின்னது.

களத்துக்குத் திரும்புகிறேன். காலை எட்டரை மணிக்கு வரிசையில் என்னைப் பார்த்த சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். “உனக்கு நெஞ்சு எந்தப் பக்கம்டா துடிக்குது?” பார்வையாளரின் ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது. அணித்தலைவர் தன் தொப்பிக்குள்ளிருந்து நூல் கோத்த ஊசியை எடுத்தார். ‘தயார்’ என்ற சாரணர் முழக்கத்துக்கு நான் நேரில் கண்ட ஒரே சான்று அதுதான். உடம்பில் போட்ட துணியைத் தைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், ஆனால் சட்டையைக் கழற்ற நேரமில்லை. பிளேடால் இரண்டு சின்னங்களையும் பிரித்து, இடம் மாற்றி, பக்கத்துக்கு எட்டுத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மூச்சை உள்ளிழுத்து நின்றதால் எனக்குக் காயமில்லை.

பார்வையாளர் வந்தார். பச்சை இடது, ஊதா வலது, குறையே இல்லை. தலையசைத்துவிட்டு, “குறிப்பு நோட்டு, பென்சில் இருக்கா?” என்றார்.

இருந்தன, இடது பாக்கெட்டில். மடிப்பைத் தூக்கி விரலை விட்டேன். இரண்டு கணு போனதும் நூல் தடுத்தது. எட்டுத் தையலும் பாக்கெட்டின் முன்பக்கத்தோடு நிற்கவில்லை. சாரண ஆசிரியர் எனக்குப் பின்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு சார்,” என்றேன். “தொட்டுப் பாருங்க.”

அவர் குனிந்து, சின்னத்துக்குக் கீழே ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். நோட்டின் கம்பிச்சுருள் தட்டுப்பட்டிருக்க வேண்டும். “ம்” என்று அடுத்தவனிடம் போனார்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது பனியனும் கூடவே வந்தது.