ஏற்றாத சரக்கு

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய சரக்கு வண்டி எதிலும் யாரும் சரக்கு ஏற்றியதே இல்லை. மைத்துனனுக்கு வண்டி தேடி அலைந்தபோது இந்த உண்மை எனக்குப் புலப்பட்டது. ஒருவர் பூ மட்டும் ஏற்றியிருக்கிறார். இன்னொருவர் அப்பளம். சங்ககிரிப் பக்கம் ஒருவர், "தலகாணிப் பஞ்சுங்க, அதுவும் வாரத்துல ரெண்டு நாளுதான்" என்றார். நாமக்கல் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். நிற்கிற வண்டியெல்லாம் முட்டை வண்டி. "முட்டை ஏத்துன வண்டிங்ணா. பள்ளத்துல எறக்கியிருப்பமா? நீங்களே சொல்லுங்க" என்று தரகர் மடக்கும்போது மறுக்க வாய் வராது. அப்படியானால் இந்த ஊர்களில் சிமெண்டும் செங்கல்லும் ஜல்லியும் யார் தலையில் போகின்றன என்ற கேள்வி பஸ் ஏறிய பிறகுதான் தோன்றும்.

மைத்துனன் திருச்செங்கோட்டில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறான். முகூர்த்த நாளில் அவனுக்கு வண்டி வேண்டும். முகூர்த்த நாளில் ஊரில் எல்லோருக்குமே வண்டி வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு வாடகை கேட்பார்கள், கொடுத்தாலும் தாலி கட்டும் நேரத்துக்குத்தான் அண்டா வந்து சேரும். சொந்தமாகவே ஒன்று எடுத்துவிடுவது என்று துணிந்தான். கையில் இரண்டரை லட்சம். "டயரு, பேப்பரு எல்லாம் அதுக்குள்ள முடியோணும் மாமா" என்றான். எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கம் ஏறுவது என்பதுதான். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே தலை நரைத்தவன் நான். எந்தக் காகிதத்தையும் நம்பாமல் படிக்க வரும். அந்தத் தகுதி போதும் என்று கூட்டிப்போனான்.

இரண்டரை லட்சத்துக்கு என்ன வரும்? பொலிரோ பிக்கப் வரும், ஆனால் அந்த விலைக்கு வருவது ஓடி ஓய்ந்ததாகத்தான் இருக்கும். 2011-இல் ஓசூரிலிருந்து வந்த தோஸ்த் ஒன்றேகால் டன் இழுக்கும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. மிச்சம் குட்டி யானை. டாடா ஏஸ் என்று ஆர்.சி. புக்கில் மட்டும் எழுதியிருக்கும். 2005-இல் வந்தது, இரண்டே சிலிண்டர், 700 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் சரக்கு. வந்த புதிதில் விலை இரண்டு லட்சத்துச் சொச்சம்தான். இன்று பத்து வயது கடந்த வண்டிக்கும் கூசாமல் அதையே கேட்கிறார்கள், அதில் முட்டை ஏற்றிய பெருமை தனி. என்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மே மாதத்தில் ஈரோடு வரைக்கும் போய்வந்தால் என்ஜினின் சூட்டை உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

வண்டி பார்க்க எங்களுடன் வந்தவர் ஒரு டீசல் மெக்கானிக். மைத்துனனின் அப்பா காலத்துப் பழக்கம். அதிகம் பேசமாட்டார். புது மாடலாகப் பார்க்கலாமா என்று மைத்துனன் கேட்டதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொன்னார்: "2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்ததெல்லாம் பி.எஸ். 6. நல்ல வண்டிதான். ஆனா சென்சார் போச்சுன்னா எனக்கு ஸ்பேனர் பத்தாது, லேப்டாப்பு வேணும். உனக்கு எதுக்கு தம்பி? பம்பும் நாசிலும் இருக்கற பழசாப் பாரு."

அவருடைய முறை விசித்திரமானது. வண்டிக்காரர் பானெட்டைப் பார், பெயிண்டைப் பார் என்று கூப்பிடுவார். இவர் காதில் விழாதவர்போல நேரே பின்னால் போய்த் தொட்டிக்குள் தலையைவிட்டு மோந்து பார்ப்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கவே மாட்டார். எதைச் சுமந்தது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அதற்குக் காரணம் உண்டு என்பது போகப்போகத் தெரிந்தது. மீன் ஏற்றிய வண்டியில் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கிச் சேஸிஸைத் தின்றிருக்கும். கோழி ஏற்றியதில் எச்சம் ஊறி ஊறித் தகரம் பொரிந்திருக்கும். கழுவினாலும் மழை நாளில் வாசனை திரும்பி வரும், கல்யாண வீட்டுப் பந்தல் துணியில் அது ஏறினால் சம்பந்தி வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? கேன் தண்ணீர் வண்டி பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதுதான் மோசம் என்றார். ஒரு கேன் 20 லிட்டர்; 50 கேன் அடுக்கினாலே ஒரு டன். முக்கால் டன் வண்டியில் தினமும் ஒரு டன், அதிலும் தெருத் தெருவாக நின்று நின்று போக வேண்டும். கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து வேலை வைத்துவிட்டுத்தான் விற்க வருவார்கள்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படியோ, வண்டிக்குச் சேஸிஸ் அப்படி. என்ன நடந்ததோ அதெல்லாம் பதிவாகியிருக்கும், கீழே படுத்துப் படிக்க ஆள் வேண்டும். மெக்கானிக் ஒரு சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்து, 14-ஆம் நம்பர் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போவார். 'டங்' என்று கேட்டால் அடுத்த இடம். 'தொப்' என்று கேட்டால் நிறுத்தி விரல் நகத்தால் சுரண்டுவார். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்த சேஸிஸ் என்றால் அவருக்கு உற்சாகம் பொங்கும். எஃப்.சி.க்காக அடித்தது என்பார்கள். எஃப்.சி. போன மாதமே முடிந்துபோயிருக்கும்.

நாமக்கல்லில் ஒரு முட்டை வண்டி எங்களை ஏறக்குறைய வளைத்துவிட்டது. வெள்ளை வெளேர் என்று பளபளப்பு, கண்ணாடியில் எலுமிச்சம்பழம், மீட்டரில் 62 ஆயிரம் கிலோமீட்டர். விற்கிறவன் இளைஞன், நெற்றி நிறைய விபூதி. டிரைவர் கிடைக்கவில்லை, அதனால் கொடுக்கிறோம் என்றான். (எல்லோருக்குமே டிரைவர் கிடைக்காததால்தான் விற்கிறார்கள். வண்டி சரியில்லை என்று விற்ற ஒரு மனிதரை இந்த மாவட்டம் இன்னும் பெற்றெடுக்கவில்லை.) மெக்கானிக் கிளட்ச் பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லிளித்தது. மீட்டர் 62 ஆயிரத்தோடு நின்று எத்தனை வருடம் ஆயிற்று என்று அந்த ரப்பர் சொன்னது. டயரில் 3118 என்று நாலெழுத்து; 2018-ஆம் வருடத்தின் 31-ஆவது வாரத்தில் செய்தது. "போன தீபாவளிக்குப் போட்ட டயருங்ணா" என்றான் பையன். எந்தத் தீபாவளி என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அப்புறம் பின்பக்கம் குனிந்தார். கமான் பட்டை வெறும் வண்டியிலேயே நிமிர்ந்து கிடந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக விரலால் எண்ணினார். இருக்க வேண்டியதைவிட இரண்டு பட்டை கூடுதல்.

"முட்டை ஏத்தறதுக்கு எதுக்கு தம்பி ரெண்டு பட்டை சேத்துப் போட்டீங்க?"

பையன் எச்சில் விழுங்கினான். "கொஞ்சம் பெரிய முட்டைங்ணா."

மெக்கானிக் சிரிக்கவில்லை. சீட்டைத் தூக்கச் சொன்னார். என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்தார், கொதித்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறான். "டீக்குப் போயிட்டு வந்தனுங்" என்றான். டீக்கடை எதிர்ப்புறம் இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, துவாரத்தின் மேலேயே தலைகீழாகச் சும்மா வைத்தார். நல்ல என்ஜினாக இருந்தால் மூடி லேசாக அதிர்ந்தபடி அங்கேயே இருக்கும். இது இரண்டு தரம் துள்ளியது, பக்கவாட்டில் நகர்ந்தது, மூன்றாவது துள்ளலில் கீழே விழுந்து உருண்டது. துவாரத்திலிருந்து புஸ்புஸ்ஸென்று புகை. "ரிங்ஸ்" என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போய் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் நீலப் புகை உண்மை பேசும்.

காகித விஷயத்தில் என் ராஜ்யம். மூவாயிரம் கிலோவுக்குள் மொத்த எடை இருக்கிற சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. தெரியாதவர்களிடம் பெர்மிட் செலவு என்று தனியாகக் கறக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். மைத்துனனிடம் கார் லைசென்ஸ்தான் இருந்தது. அதை வைத்தே இந்த வண்டியை ஓட்டலாம், பேட்ஜ் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது. இதை ஒரு தரகரிடம் விளக்கினேன். "சார் வக்கீலுங்களா?" என்று கேட்டுவிட்டு ஐந்தாயிரம் குறைத்தார்.

ஆனால் இந்தச் சந்தையின் அசல் அதிசயம் 29, 30 நம்பர் படிவங்கள். பெயர் மாற்றுவதற்கான படிவங்கள் இவை. முதல் ஓனர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அதை வைத்துக்கொண்டே வண்டி கைமாறி, கைமாறி, ஆர்.சி.யில் மட்டும் 'ஃபர்ஸ்ட் ஓனர்' ஆகவே நிற்கும். தவணை கட்டிய கம்பெனியின் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கேட்டால், "அதெல்லாம் கிளியருங், நாளைக்கு வாட்ஸ்அப்புல போடறேன்" என்பார்கள். அந்த நாளை இன்னும் விடியவில்லை. எங்கோ அரூரிலோ ஆத்தூரிலோ நிம்மதியாகத் தூங்குகிற அந்த முதல் ஓனரை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது, ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் விபத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2018-இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது.

கடைசியில் வண்டி கிடைத்தது சங்ககிரி ரோட்டில், தரகர் இல்லாமல், மெக்கானிக் பட்டறைக்கு கிரீஸ் அடிக்க வந்த ஒரு பெரியவர் வழியாக. 2014 மாடல். என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டதும், "செங்கல்லுங்க" என்றார். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். "சூளைல ஐநூறு ஏத்துன்னுவாங்க. நான் முந்நூறுக்கு மேல தொட மாட்டனுங்." ஒரு கல் மூன்று கிலோ வைத்தாலும் 900 கிலோ. "முந்நூறே ஜாஸ்திதானுங்களே" என்று மெக்கானிக் முனகினாலும் முகத்தில் மரியாதை தெரிந்தது. தொட்டியில் ஊருக்கே தெரிகிற மாதிரி ஒடுக்குகள். பெயிண்ட் வெளுத்திருந்தது. செம்மண் தூள் மூலையில் அப்படியே கிடந்தது. விற்கிறோமே, கூட்டிவிடுவோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சட்டைப் பையிலிருந்து நகைக்கடை கொடுத்த சின்ன டைரி ஒன்றை எடுத்தார். ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் அடித்த தேதி, கமான் பட்டை மாற்றிய செலவு, பேத்தி காதுகுத்துக்கு வைத்த மொய், கிளட்ச் பிளேட், மறுபடி ஆயில். மூடி சோதனையில் மூடி நகரவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு, முழங்கால் கிளட்ச் மிதிக்க விடவில்லை என்றார். டிரைவர் கிடைக்கவில்லை என்று சொல்லாத முதல் மனிதர். இரண்டு முப்பதில் ஆரம்பித்தார். பின் டயர் இரண்டும் மொட்டை, எஃப்.சி. இரண்டு மாதத்தில் வருகிறது, எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்றெல்லாம் நான் அடுக்கினேன். இரண்டு பத்தில் முடிந்தது.

அன்று சாயங்காலமே போன். "தம்பி, பேரு மாத்தியாச்சுங்களா?" அவருக்கும் அந்தத் தீர்ப்பைப் பற்றி நான்தான் விளக்கியிருந்தேன். பெயர் மாறி புது ஆர்.சி. கைக்கு வரும்வரை தினமும் கேட்டார். வந்த பிறகும் நிறுத்தவில்லை. "காலைல மொத ஸ்டார்ட்டுக்கு கொஞ்சம் பொறுத்து எடுக்கச் சொல்லு சாமி", "ரெண்டுல இருந்து மூணுக்கு அவசரப்படாம போடோணும்" என்று ஏதாவது ஒன்று. மைத்துனன் அலுத்துக்கொண்டே எடுப்பான்.

போன வாரம் கூப்பிட்டது வேறு விஷயம். மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம், பந்தலும் நூறு நாற்காலியும் வேண்டும், வண்டி வாடகை எவ்வளவு என்றார். மைத்துனன் ஆயிரத்து இருநூறு சொன்னான்.

"ஏந்தம்பி, என் வண்டிக்கு என்கிட்டயே வாடகையா?"

எண்ணூறுக்கு முடிந்தது. நாற்காலியை இறக்கும்போது பின்னாலேயே நின்று, "மெதுவா, மெதுவா, சைடு டோருல படுது பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தாராம்.